குடியிருப்பது ஒரு தெருவில், காகிதத்தில் வேறு தெருவில்

2025 டிசம்பர் 19 அன்று தமிழ்நாட்டின் வரைவு வாக்காளர் பட்டியல் வெளியானபோது, முந்தைய பட்டியலில் இருந்த ஏறக்குறைய 97 லட்சம் பெயர்களைக் காணவில்லை. அவர்களில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பெயர் வைத்திருந்தவர்கள் மூன்று லட்சத்துச் சொச்சம். மீதி 66 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற வகையில் சேர்ந்தார்கள். சென்னை மாவட்டத்தில் மட்டும் நீங்கிய பெயர்கள் 14 லட்சத்தைத் தாண்டின. இருந்த 40 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அந்தப் பட்டியலைத் தந்த தேர்தல் ஆணையத்தின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் நோக்கம் என்ன, இத்தனை அவசரம் எதற்கு என்று கட்சிகள் மோதிக்கொண்டன. அந்த வழக்கு இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது அந்த எண்ணிக்கைக்குள் இருக்கும் ஒரு சாதாரண விஷயம்தான். திருத்தத்துக்கான கணக்கெடுப்புப் படிவம், பட்டியலில் அச்சாகியிருந்த முகவரியைத் தேடிப் போனது. ஆள் வேறு தெருவில் இருந்தார். சொந்த வீட்டுக்காரர்களும் இடம் மாறுவார்கள்தான். ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை சாமான் கட்டுகிறவர்கள் யாரென்று நகரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் நூற்றுக்கு 27 குடும்பங்களுக்கு மேல் வாடகை வீட்டில் இருந்தன.

முகவரியை மாற்றாமல் விட்டவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடலாம். பலர் சொல்லவும் செய்கிறார்கள். ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் சோம்பல் எல்லாருக்கும் பொது. சிக்கல் வாடகைதாரருக்கு மட்டும் கூடுதலாக இருக்கிறது. முகவரி என்பது ஓர் ஆள் எங்கே வசிக்கிறார் என்ற தகவல். அந்த வீடு யாருடையது என்பது வேறு தகவல். சட்டத்துக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒரு தொகுதியில் ஒருவருக்கு வீடு சொந்தமாக இருக்கிறது என்பதாலேயே அவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 20-ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சொல்கிறது. வசிப்பதுதான் கணக்கு, பட்டா அல்ல. அலுவலக ஜன்னலுக்கு வந்தால் கதை மாறுகிறது. அங்கே கேட்பது பெரும்பாலும் வீட்டின் காகிதம். வீட்டின் காகிதம் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். ஆகவே தன் சொந்தத் தகவலைத் திருத்துவதற்கு வாடகைதாரர் இன்னொருவரின் தயவை நாட வேண்டியிருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடிய முதன்மையான காகிதம் ஒன்று உண்டு: வாடகை ஒப்பந்தம். அதை வீட்டுக்காரரின் பாதுகாப்புக்கான பத்திரமாக மட்டும் பார்க்கிறோம். வாடகைதாரரின் முகவரிச் சான்றாகவும் அதைப் பார்க்கத் தொடங்கினால் பாதிக் கஷ்டம் தீரும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஒரு வாடகை வீட்டில் முகவரிச் சான்றாகக் காட்டத்தக்க காகிதங்கள் என்னென்ன என்று எண்ணிப் பாருங்கள். கரண்ட் பில் வாடகைதாரர் கையால் கட்டப்படுகிறது, ஆனால் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். சில வீடுகளில் அவருடைய காலஞ்சென்ற தகப்பனார் பெயரில். சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகளும் அப்படியே. தரைவழித் தொலைபேசி பெரும்பாலான வீடுகளில் இல்லை. கேஸ் இணைப்பும் வங்கிப் பாஸ்புக்கும் வாடகைதாரர் பெயரில் இருக்கும். ஆனால் அவற்றில் புதிய முகவரி ஏற வேண்டுமென்றால் ஏஜென்சியும் வங்கியும் முதலில் ஆதார் கேட்கும். ஆதாரில் முகவரி மாற்றப் போனால் அது கேஸ் பில்லைக் கேட்கும். இந்தச் சுழலுக்குள் வெளியிலிருந்து ஒரு காகிதம் நுழைந்தாக வேண்டும். ஆதார் ஆணையத்தின் ஆவணப் பட்டியலில் நடப்பில் உள்ள வாடகை ஒப்பந்தத்துக்கும் இடம் இருக்கிறது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நாம் எப்படி எழுதுகிறோம்? 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் 11 மாதம் என்ற கணக்கு நாடு முழுக்க வழக்கத்துக்கு வந்தது. தட்டச்சு செய்கிற கடையில் பழைய கோப்பைத் திறந்து, பெயரையும் வாடகையையும் மட்டும் மாற்றி, ஸ்டாம்ப் பேப்பரில் அச்செடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அசல் வீட்டுக்காரரிடம், ஜெராக்ஸ் வாடகைதாரரிடம். ஆதார் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டியது அசலின் நகல். ஜெராக்ஸின் ஜெராக்ஸ் தெளிவில்லை என்று திரும்பி வந்தால் குறை சொல்ல முடியாது. அடுத்தது பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒப்பந்தத்தில் தகப்பனார் பெயர் விரிவாகப் பின்னால் வரும். அதற்கடுத்தது கதவு எண். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் உயிரோடு இருக்கின்றன. கரண்ட் பில்லில் ஒன்று, வரி ரசீதில் மற்றொன்று, ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் நினைவில் இருந்தது. மாடி வீட்டுக்கு 'முதல் தளம்' என்ற இரண்டு சொல்லைச் சேர்க்க மறந்துவிடுவார்கள். தபால்காரர் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை இன்னொன்று. ஒப்பந்தத்தில் பெரும்பாலும் கணவர் பெயர் மட்டும் இருக்கும். மனைவிக்கும், பதினெட்டு வயது தாண்டிய மகளுக்கும், கூட இருக்கும் மாமியாருக்கும் அந்த வீட்டில் வசிப்பதற்கான எழுத்துச் சான்று எதுவும் கிடையாது. குடியிருக்கப் போகிறவர்கள் இன்னின்னார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரிக்குத் தட்டச்சுக்காரர் கூடுதல் காசு கேட்கப் போவதில்லை.

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது இது. இதன்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் யாரும் வீட்டை வாடகைக்கு விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். இதற்கென்றே ஓர் அரசு இணையதளம் இருக்கிறது. பதினொரு மாதமா, மூன்று வருடமா என்ற பேதம் இதில் கிடையாது. சார்பதிவாளரிடம் செய்யும் பதிவு வேறு, வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். '11 மாதம்தானே, பதிவு வேண்டாம்' என்று வீட்டுக்காரரும் புரோக்கரும் சொல்வது முதலாவதைப் பொறுத்தவரை சரி, இரண்டாவதைப் பொறுத்தவரை தவறு. இந்தச் சட்டத்தை மக்கள் அட்வான்ஸ் தகராறு வரும்போது மட்டும் தேடுகிறார்கள். வேறொரு ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்ற பிரிவு அவ்வளவு பிரபலம். முகவரிக்கு அடித்தளமாகக்கூடிய பதிவுப் பிரிவை யாரும் கவனிப்பதில்லை.

பதிவு எதற்குப் பயன்படும் என்பதற்குத் தேர்தல் ஆணையத்தின் படிவம் 8 நல்ல உதாரணம். 2022 ஆகஸ்ட் 1 முதல், ஒரே தொகுதிக்குள் மாறினாலும் வேறு தொகுதிக்குப் போனாலும் வீடு மாறிய வாக்காளர் நிரப்ப வேண்டியது இந்த ஒரு படிவம்தான். முகவரிச் சான்றுக்கு அதில் கொடுத்திருக்கும் பட்டியலில் குடிநீர், மின்சாரம், கேஸ் பில், ஆதார், வங்கிப் பாஸ்புக், பாஸ்போர்ட் எல்லாம் வருகின்றன. வாடகைதாரர் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடும் இடம் ஒன்றே. அங்கே கேட்பது பதிவு செய்யப்பட்ட வாடகைப் பத்திரம். எந்தச் சான்றும் இல்லாதவருக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து பார்த்து உறுதி செய்யும் வழியும் வைத்திருக்கிறார்கள். வசிப்பதே கணக்கு என்ற சட்டத்தின் மனப்போக்குக்கு அதுதான் பொருத்தமான வழி. வேலைக்குப் போகும் தம்பதியின் பூட்டிய கதவை அவர் எத்தனை முறை தட்டுவார் என்பதுதான் கேள்வி.

நடைமுறையில் எல்லாருக்கும் முதல் படி ஆதார்தான். அதில் புது முகவரி ஏறிவிட்டால் மற்ற அலுவலகங்கள் வாயைத் திறப்பதில்லை. பெயரை இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். முகவரிக்கு அப்படி உச்சவரம்பு எதுவும் இல்லை. இணையத்திலேயே மாற்றலாம், கட்டணம் 75 ரூபாய். தன் பெயரில் எந்தக் காகிதமும் இல்லாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் 2023 ஜனவரியில் ஒரு வழி திறந்தது: குடும்பத் தலைவரின் ஆதாரில் புது முகவரி இருந்தால், உறவைக் காட்டும் ஆவணத்தோடு விண்ணப்பிக்கலாம், தலைவர் 30 நாளுக்குள் இணையத்தில் சம்மதம் தந்தால் போதும். ரேஷன் கார்டே உறவுச் சான்றாகும். ஒப்பந்தமே கிடைக்காதவர்கள் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் கெசட்டட் அதிகாரி, சட்டமன்ற உறுப்பினர், மாமன்ற உறுப்பினர் போன்றோரிடம் சான்று பெறலாம். அது கையெழுத்தான நாளிலிருந்து மூன்று மாதம் செல்லும். வீட்டுக்காரர் சம்மதித்தால் அந்த வீட்டுக்கே ரகசியக் குறியீட்டுடன் கடிதம் அனுப்பிச் சரிபார்க்கும் முறை ஒன்று சில காலம் இருந்தது. வாடகைதாரருக்கென்றே அமைந்தது போன்ற அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். அதைவிட எளிமையான மாற்று இன்றுவரை வரவில்லை.

ஆதாருக்குப் பிறகு ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வங்கி, கேஸ், வண்டியின் ஆர்.சி. என்று வரிசை நீளும். வண்டிக்குக் காலக்கெடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, உரிமையாளர் குடியிருப்பை மாற்றினால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. ரேஷன் பொருளை இப்போது எந்தக் கடையிலும் வாங்கலாம் என்பதால் கார்டை மாற்ற மனம் வருவதில்லை. ஆனால் 2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பத்தையும் டோக்கனையும் ரேஷன் கடை வாரியாகத்தான் கொடுத்தார்கள். அரசு நம்மை எந்தக் கடையோடு சேர்த்து வைத்திருக்கிறது என்பது அம்மாதிரி நாளில்தான் தெரியவரும். கேஸ் இணைப்பை ஒரே ஊருக்குள் மாற்ற சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை என்பது ஒரு நிம்மதி.

வங்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கு வலுவான சான்று அங்கேதான் இருக்கிறது. 2019 நவம்பரில் மத்திய அரசு கறுப்புப் பண மோசடித் தடுப்பு விதிகளைத் திருத்தி, ஆதாரில் உள்ள முகவரி ஒன்றும் தற்போது குடியிருக்கும் முகவரி வேறுமாக இருந்தால், தற்போதைய முகவரிக்கு வாடிக்கையாளரின் சுய அறிவிப்பே போதும் என்றது. இடம்பெயர்ந்து வேலை செய்பவர்களை மனத்தில் வைத்துச் செய்த திருத்தம் அது. ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் வெறும் முகவரியை மட்டும் மாற்றினாலும் ரிசர்வ் வங்கி சுய அறிவிப்பை அனுமதிக்கிறது. இரண்டு மாதத்துக்குள் கடிதம் அனுப்பியோ ஆள் அனுப்பியோ சரிபார்ப்பது வங்கியின் வேலை. பணமோசடியைத் தடுப்பதற்கென்றே எழுதிய விதிகள் ஒரு மனிதரின் சொல்லை நம்பி ஏற்று, பிறகு சரிபார்க்கின்றன. அப்படியிருக்க, மற்ற அலுவலகங்கள் முன்கூட்டியே வீட்டுக்காரரின் காகிதத்தைக் கேட்பதற்குப் பாதுகாப்பு ஒரு காரணம் என்று சொன்னால் எடுபடாது. வங்கிக் கிளையில் இந்த விதியைச் சொன்னால் எதிரில் இருப்பவர் விழிக்கக்கூடும். அது வேறு வருத்தம்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாம் செல்போனுக்கு வந்துவிடுகிறது என்பார்கள். வக்கீல் நோட்டீஸ் அப்படி வராது. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, சரியான முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் போய்ச் சேர்ந்ததாகவே அனுமானிக்கப்படும். காசோலை வழக்குகளில் இந்த அனுமானம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் அலவி ஹாஜி வழக்கில் தீர்ப்பளித்தது. நான் அங்கே இல்லை, எனக்குக் கிடைக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் பெறுநர் தலையில் விழுகிறது. வங்கியிலும் ஆதாரிலும் பழைய முகவரியையே வைத்துக்கொண்டிருப்பவர் அந்தப் பாரத்தைச் சுமப்பது கடினம்.

வீட்டுக்காரர்கள் தரப்பில் ஒரு பயம் இருக்கிறது; அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. ஆதாரும் ரேஷன் கார்டும் இந்த முகவரிக்கு வந்துவிட்டால் நாளைக்கு வீட்டையே தனதென்று சொல்லிவிடுவாரோ என்பது அது. வாழ்நாள் சேமிப்பில் கட்டிய ஒரே வீட்டை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் காலம் தள்ளும் முதியவருக்கு இந்தப் பயம் இயல்பு. காலி செய்ய மறுத்து வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு இழுத்தவர்களின் கதை எல்லாத் தெருவிலும் ஒன்றாவது இருக்கும். ஆனால் சட்டம் இந்த இடத்தில் அவர் பக்கம்தான் நிற்கிறது. வாடகைதாரராக நுழைந்தவர், குத்தகை நீடிக்கும்வரை வீட்டுக்காரரின் உரிமையை மறுத்துப் பேச முடியாது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, அதற்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. பன்னிரண்டு வருட அனுபவப் பாத்தியதை என்று டீக்கடைகளில் பேசப்படுவது, உரிமையாளருக்கு எதிராக வைத்திருக்கும் சொத்துக்கு உரியது. அனுமதியோடு வாடகை கொடுத்துக் குடியிருப்பது அதில் சேராது. அவர் உண்மையில் பயப்பட வேண்டியது எழுத்தில் எதுவும் இல்லாத குடித்தனத்துக்குத்தான். இவர் என் வாடகைதாரர் என்று காட்டப் பதிவு செய்த ஒப்பந்தத்தைவிட வலுவான காகிதம் அவர் கையில் வேறு என்ன இருக்கிறது?

சொல்லாமல் மறைக்கும் இன்னொரு காரணம் வருமான வரி. வாடகை கணக்கில் வந்துவிடும் என்ற தயக்கத்தில் பதிவை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அனுதாபம் காட்ட என்னால் முடியவில்லை. ஒருவர் வரியைத் தவிர்க்க மற்றொருவர் ஓட்டை இழக்க வேண்டும் என்பது நியாயமில்லை. தவிரவும், வீட்டு வாடகைப்படிக்கு விலக்குக் கோரும் ஊழியர், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும்; மறைப்பு அதிக நாள் நிற்பதில்லை. 2012-இல் சென்னையில் வங்கிக் கொள்ளைகளுக்குப் பிறகு, குடிவைத்தவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று காவல் ஆணையர் உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். சந்தேகத்தின் பேரில் கேட்டால் முகவரியைச் சொல்லலாம், உரிமைக்காகக் கேட்டால் கையெழுத்துப் போட மாட்டோம் என்பது விநோதமான ஏற்பாடு.

வாடகைதாரர் தரப்பு ஆட்சேபங்களில் ஒன்று நியாயமானது: பதினொரு மாதத்தில் மறுபடி மாறப்போகிறேன், ஒவ்வொரு தடவையும் ஏழு அலுவலகமா? இதற்குப் பதில் ஏழும் ஒரே அவசரம் அல்ல என்பதே. ஆதார், வாக்காளர் பட்டியல், வங்கி மூன்றையும் உடனே மாற்ற வேண்டும். பாஸ்போர்ட்டில் முகவரி மாற்றுவதென்றால் புதிதாகவே ஒன்று வழங்குவார்கள், போலீஸ் விசாரணையும் வரலாம். அதை அடுத்த புதுப்பிப்பு வரை விட்டுவைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மற்றொரு ஆட்சேபம் ஊர்ப் பாசத்திலிருந்து வருவது. வேலை சென்னையில், ஓட்டு சொந்த ஊரில் இருக்கட்டும் என்பார்கள். படிப்புக்கோ வேலைக்கோ தற்காலிகமாக வெளியே இருப்பதால் மட்டும் ஊர் உரிமை போய்விடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. ஆனால் குடும்பத்தோடு பத்து வருடமாக அம்பத்தூரில் இருப்பதைத் தற்காலிகம் என்று எந்த அதிகாரியிடமும் சொல்லி நிறுத்த முடியாது. இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்வதோ அதே சட்டத்தின் 17, 18-ஆம் பிரிவுகளுக்கு விரோதம். தெரிந்தே பொய் அறிவிப்புத் தந்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

வீட்டுக்காரர் மீது கடமை சுமத்துவது முடியாத காரியம் என்பவர்கள் ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே படிக்கப் போன நம் பிள்ளைகள் இறங்கியவுடன் செய்யும் முதல் வேலையே இதுதான். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு, இவர் இன்ன தேதியில் இந்த வீட்டுக்குக் குடி வந்தார் என்ற சான்றை வீட்டுக்காரர் எழுதித் தந்தாக வேண்டும். 2015 நவம்பர் முதல் அது அவருடைய சட்டக் கடமை, மறுத்தால் அபராதம். அரசு எல்லாரையும் கண்காணிக்கிறதே என்ற எதிர்ப்பு அங்கும் உண்டு, அது வெறும் கூச்சலும் அல்ல. ஆகவே நமக்கு அந்த முழு முறை வேண்டாம். அந்தச் சான்றின் தத்துவம் மட்டும் போதும். வாடகை அதிகாரி தரும் பதிவு எண்ணை, வாடகைதாரர் விரும்பினால் மட்டும், ஆதாரும் தேர்தல் அலுவலகமும் ரேஷன் கடையும் நேரடியாகச் சரிபார்த்துக்கொள்ள வழி செய்தால், வீட்டுக்காரரைத் திரும்பத் திரும்பக் கையெழுத்துக்குத் தேட வேண்டாம். தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, இணையதளம் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது, இணைப்புதான் இல்லை.

அரசு அதைச் செய்யும்வரை, வாடகைதாரருக்குப் பேரம் பேசும் வலு இருப்பது ஒரே ஒரு தருணத்தில்: அட்வான்ஸ் தொகை இன்னும் தன் கையில் இருக்கும்போது. பெயின்ட் அடித்துத் தருவீர்களா, மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்று கேட்கும் அந்த நேரத்திலேயே இதையும் கேட்டு, ஒப்பந்தத்தில் ஏற்றிவிட வேண்டும். இந்த முகவரியை அரசு ஆவணங்களில் வசிப்பிடமாகக் காட்ட உரிமையாளருக்குச் சம்மதம். அதனால் சொத்தில் எந்த உரிமையும் உண்டாகாது. காலி செய்தபின் வாடகைதாரர் முகவரியை மாற்றிக்கொள்வார். இரண்டு அசல் பிரதிகள், ஆளுக்கு ஒன்று. இவ்வளவுதான் வாசகம். இரண்டாவது வரி வீட்டுக்காரரின் பயத்துக்குப் பதில் என்பதால், முதல் வரிக்கு அவர் அநேகமாக மறுப்புச் சொல்ல மாட்டார்.